நெற்றியில் வைத்த அச்சாரம்

என் தம்பி தளவாய்க்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவன் எனக்குக் கப்பல் பாய்த்துணி விற்றான். அக்கா என்றும் பார்க்காமல் ஊர் விலையே சொன்னான்.

இதைக் கேட்டு யாரும் நெஞ்சில் கை வைக்க வேண்டாம். ஆழியில் கடை வைத்திருப்பவர்கள் வீட்டில் இதெல்லாம் சாதாரணம். ஆழி ஒரு விளையாட்டு. கடல், துறைமுகம், கப்பல், கடைத்தெரு என்று அதற்குள் ஓர் உலகமே இருக்கிறது. லட்சக்கணக்கான பேர் கண்ணாடி மாட்டிக்கொண்டு அதற்குள் போய் வியாபாரம் செய்கிறார்கள். அங்கே செல்லுபடியாகும் காசுக்குப் பெயர் சல்லி. எந்நேரமும் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் சோறு தண்ணி வேண்டாமா? அதற்குத்தான் பதிலாள், ஆழியில் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. நாம் பேசுவதையும் பேரம் பண்ணுவதையும் கோபப்படுவதையும் கூடவே இருந்து கற்றுக்கொண்டு, நாம் வெளியே வந்ததும் நம் முகத்தோடும் குரலோடும் கடையைப் பார்த்துக்கொள்ளும். வாடிக்கைக்காரர்களுக்குப் போன் போட்டுக்கூடப் பேசும். ஆள் செத்தால் அதற்கு எப்படித் தெரியும்? அதுபாட்டுக்கு வியாபாரம் பார்க்கும்.

"என்னல, அக்காகிட்டயே இந்த விலை சொல்லுத?" என்றேன்.

"எக்கா, வியாபாரம் வேற, உறவு வேற. துணியத் தொட்டுப் பாரு. கிழிஞ்சா என்ன வந்து கேளு."

அப்படியே அவன் பேச்சு. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அந்தத் துணி எனக்கு எதற்கு? அவன் குரலைக் கேட்கத்தான் போனேன், அதற்காக ஒரு பொய் வியாபாரம்.

தூத்துக்குடியில் முத்தையாபுரம் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு கடை. போன் ரிப்பேர் பார்ப்பேன், சல்லி வாங்கி விற்பேன். முன்பெல்லாம் சல்லி விளையாட்டோடு சரி. இப்போது பால் பூத்திலிருந்து ஆட்டோ வரைக்கும் சல்லி வாங்குகிறார்கள். முகத்தைக் காட்டினால் போதும், கணக்கில் கழிந்துவிடும். பல இடங்களில் கதவுகூட அந்த முகக் கணக்கில்தான் திறக்கிறது. தளவாய் உப்பளத்து லாரிக்குச் சீட்டுப் போடும் வேலையை விட்டுவிட்டு ஆழியில் கப்பல் சாமான் கடை போட்டவன். நன்றாகத்தான் ஓடியது. வீட்டுச் செலவு, பிள்ளை படிப்பு எல்லாம் அந்தக் கடையிலிருந்துதான். ஒரு நாள் காலையில் பல் விளக்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். அவ்வளவுதான். அவன் பெண்டாட்டி செல்லக்கனிக்கு முப்பதுகூட ஆகவில்லை. பூமயில் ஒன்றாம் வகுப்பு.

அவனை அடக்கம் செய்தபோது ஆழிக் கூட்டாளிகளில் வெளியூர்க்காரர்கள் யாராலும் வரமுடியவில்லை. ஒருத்தன் துபாய், ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான். அந்தக் கூட்டத்துக்குப் பெரியதலை கொம்பையா. தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"உலகு, நாம உள்ளயே ஒரு சடங்கு வச்சிருவோம். பயலுக மொகத்தப் பாக்கலன்னு அழுதானுவ. நெத்தியில காசு வச்சு அனுப்பி வச்சம்னா அவனுவளுக்கும் ஒரு நிம்மதி."

"மாமா, அது பொம்மை. பொம்மைக்கு யாராவது நெத்திக்காசு வைப்பாங்களா?" என்றேன்.

"நீ பேசாம வா."

போனேன். ஆழியில் தளவாய் கடை முன்னால் ஒரு மரப்பலகை போட்டு, பதிலாளை அதில் படுக்கச் சொன்னார் கொம்பையா. "எதுக்கு மாமா படுக்கணும்?" என்று கேட்டுவிட்டு அது படுத்தது. கையைக் கட்டச் சொன்னால் கட்டியது. கண்ணை மூடச் சொன்னபோது மட்டும் கேட்கவில்லை. கடை திறந்திருக்கும்போது பதிலாள் கண்ணை மூடாதாம். மல்லாந்து படுத்துக்கொண்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொருவராக வந்து நெற்றியில் ஒரு சல்லி வைத்தார்கள். வைத்துவிட்டுச் சும்மா போவார்களா நம் ஆட்கள்? அழுதார்கள். கொம்பையா மாரில் அடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா கூடவே வந்திருப்பேனே மாப்ள!" என்றார். சிங்கப்பூர்க்காரன், "எங்களையும் கூட்டிட்டுப் போயிரு அண்ணாச்சி" என்று தரையில் விழுந்தான். செல்லக்கனி அழுததை என்னால் காதுகொடுத்துக் கேட்க முடியவில்லை. "அத்தான், நீங்க இல்லாத ஊர்ல எனக்கு என்ன இருக்கு? என்ன இங்க விட்டுறாதீக, என்னையும் கூட்டிட்டுப் போங்க, என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று பலகையைப் பிடித்து உலுக்கினாள்.

சாவு வீட்டில் எல்லாரும் சொல்வதுதான். நாமும் சொல்லியிருக்கிறோம்.

ஒவ்வொரு காசு விழும்போதும் பலகையில் கிடந்த என் தம்பி, "சரி, வரவு வச்சிக்கிட்டேன்" என்றான். வியாபாரக் குரலில் சொன்னான். கடைசியாக நான் போனேன். அழவில்லை. அழவேண்டியதை நிஜ உடம்பின் முன்னால் அழுது தீர்த்திருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் காசை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

"எக்கா, ஒனக்கு என்ன வேணும்னு சொல்லலியே" என்றான்.

சவத்து மூதி, எந்த நேரத்தில் என்ன பேச்சு என்று திட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஆழியில் கயிறு விலை ஏறியது. பிறகு பலகை, தார், தண்ணீர்ப் பீப்பாய். சல்லி விற்கிறவள் நான், விலை ஏறினால் எனக்குத் தெரியாமல் போகுமா? யார் இப்படி வாரிக்கொண்டு போகிறார்கள் என்று விசாரித்தால் எல்லாக் கடைக்காரரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். பதிலாள் என்றால் விற்கும், விற்ற சரக்கை நிரப்பும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இது என்னவென்றால் சேர்த்துவைத்த சல்லியை எல்லாம் செலவழித்துக்கொண்டிருந்தது.

நேரே போய்க் கேட்டேன். "ஏல, எதுக்கு இவ்வளவு சாமான்?"

"ஆர்டர் வந்திருக்கு எக்கா. நெடுங்கப்பல் ஒண்ணு கட்டுதேன்."

"யாரு ஆர்டர் குடுத்தா?"

"எல்லாருந்தான். நீதான் இன்னும் சொல்லல. சொல்லு, ஒனக்கு என்ன வேணும்?"

ஏதாவது பெரிய வாடிக்கை பிடித்திருக்கிறது போல என்று நினைத்துத் தொலைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை செல்லக்கனி என் கடைக்கு வந்து நின்றாள். கையில் காலித் தூக்குவாளி. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மைனி, பால் பூத்துல பால் தரமாட்டங்காவ."

"ஏன், சல்லி இல்லியா?"

"இருக்கு. மொகத்தக் காட்டுனேன். மெசினு வேற என்னமோ சொல்லுது. நீங்க வந்து பாருங்க."

கூடப் போனேன். பூத்தில் இருந்த சின்னக் கண்ணாடி முன்னால் அவள் முகத்தைக் காட்டினாள். இதமான பெண்குரல் ஒன்று சொன்னது. "செல்லக்கனி கப்பலில் இருக்கிறார். நீங்கள் யார்?"

பூத்துக்காரர் சிரித்தார். மெஷின் கோளாறு என்று கடனுக்குப் பால் ஊற்றிக் கொடுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் மறுபடி போன் வந்தது. அவளால் பேசவே முடியவில்லை. பின்னால் பூமயில் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பள்ளிக்கு ஓடினேன். அங்கே பிள்ளைகளைக் கூப்பிட வருகிறவர்கள் முகத்தைக் காட்டினால்தான் இரும்புக் கதவு திறக்கும். கண்டவனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. கதவுக்கு அந்தப் பக்கம் பூமயில், இந்தப் பக்கம் செல்லக்கனி. கம்பி வழியாக விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காவலாளி தலையைச் சொறிந்தார்.

"எனக்குத் தெரியும்மா, இவங்க பிள்ளையோட அம்மாதான். ஆனா அம்மா கப்பல்ல இருக்காங்கன்னு சொல்லுது. நான் எப்படி விட? நாளைக்கு ஒண்ணுன்னா எங்கழுத்துலதான் கத்தி."

என் முகத்தைக் காட்டினேன். "உலகம்மாள், பிள்ளையின் அத்தை" என்று சொல்லிக் கதவு திறந்தது. பூமயில் ஓடிவந்து அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டாள். செல்லக்கனி அவளைத் தூக்கவில்லை. கையை நீட்டி, திருப்பித் திருப்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, நான் இங்கதான இருக்கேன்?" என்றாள்.

கொம்பையாவுக்கு மருந்துக்கடையில் அதே கேள்வி. சிங்கப்பூர்க்காரனை அவன் தங்கியிருந்த அறைக் கதவே உள்ளே விடவில்லை. கூப்பிட்டுக் கேட்ட ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள்.

மறுநாள் ஆழிக் கம்பெனியின் உதவிப் பிரிவில் எனக்குக் கிடைத்தது தாரணி என்ற பெண். திரையில் பார்த்தால் சின்ன வயசு, பொறுமையான பெண். நான் போட்ட சத்தத்துக்கு வேறொருத்தி என்றால் வைத்துவிட்டுப் போயிருப்பாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"மேடம், நீங்க எல்லாரும் எதுக்கு அவர் நெத்தியில காசு வெச்சீங்க?"

"செத்தா வைப்போம்மா. வழிச்செலவுக்கு."

"ஆழில, சரக்கு பேர் சொல்லாம கடைக்காரர்கிட்ட காசு குடுத்தா அதுக்கு அச்சாரம்னு அர்த்தம். என்ன வேணும்ங்கறத வாங்கறவங்க பேச்சுல இருந்து பதிலாளே புரிஞ்சுக்கணும். அவங்க என்ன பேசினாங்கன்னு கேட்டுப் பார்த்தேன். எங்களையும் கூட்டிட்டுப் போன்னு சொல்லியிருக்காங்க."

"அது ஒப்பாரி! சும்மா சொல்லுதது!"

"எனக்குத் தெரியுது மேடம். அதுக்குத் தெரியாதில்ல? இத்தனை பேர் காசு குடுத்து, அழுது, ஒரே விஷயத்தைக் கேட்டிருக்காங்க. அதைவிட உறுதியான ஆர்டர் இதுவரை எந்தக் கடைக்கும் வந்ததில்ல."

"சரி, அவன் எங்க கூட்டிட்டுப் போறான்?"

"அவர் எப்படி இருக்காரோ அப்படி. வெளில ஆள் இல்லாம, உள்ள பதிலாள் மட்டும். நெடுங்கப்பல்ல இடம் போட்டுட்டா, திரும்பி வர்ற வரைக்கும் பதிலாள்தான் அந்த ஆள். வெளில யாரும் அந்த முகத்தைப் பயன்படுத்த முடியாது. ஊர்ல இல்லாதவங்க காசை யாரும் திருடக்கூடாதுன்னு வெச்ச சட்டம். இவரு திரும்பி வர்ற நாள்னு எதையும் குறிக்கல."

"அழிச்சு விடு. கம்பெனிதான நீங்க?"

"சொந்தக் குரல், சொந்தக் காசு. நாங்க ரத்து பண்ண முடியாது. ஆர்டர் குடுத்தவங்க வேண்டாம்னு சொன்னா நிறுத்தலாம். புகார் வந்ததும் செல்லக்கனி மேடம்கிட்ட காலைலயே கேட்டோம்."

"எந்தச் செல்லக்கனிகிட்ட?"

"உள்ள இருக்கறவங்ககிட்ட. கப்பலை விட்டு இறங்க விருப்பம் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி அதைக் கேட்டாள். மறுபடி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

தாரணி இன்னொன்றும் சொன்னாள். கப்பல் இன்னும் கிளம்பாததற்கு நான்தான் காரணமாம். காசு வைத்துவிட்டு எதுவும் கேட்காதவள் நான் ஒருத்தி. வாங்கிய அச்சாரம் பாக்கி இருக்கும்போது கடைக்காரன் துறையை விட்டுப் போகமுடியாது. நான் எதையாவது கேட்டு அவன் கொடுத்துவிட்டால் கப்பல் போய்விடும்.

"அப்ப நான் கேக்கவே மாட்டேன். வாயே தெறக்க மாட்டேன்."

"ரொம்ப நாள் போகாம இருந்தீங்கன்னா உங்க பதிலாள் உங்களுக்காகச் சொல்லிடும் மேடம். அதுக்குத் தெரியும் உங்களுக்கு என்ன வேணும்னு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். துறையில் கப்பல் நின்றது. இவ்வளவு பெரிய கப்பலை நான் ஆழியில் பார்த்ததில்லை. பட்டப்பகல் வெளிச்சம், நல்ல காற்று. மேல்தளத்தில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். கொம்பையா எனக்குக் கையாட்டினார். அந்த நேரம் நிஜக் கொம்பையா மருந்து வாங்க முடியாமல் வீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்.

செல்லக்கனி பாயில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எறங்கு. ஓம் பிள்ள நேத்து அங்க பள்ளிக்கூடத்துல நின்னு அழுதுச்சு" என்றேன்.

"பூமயிலத்தான் கூட்டிட்டு வரணும்னு இருக்கேன் மைனி. அத்தான்ட்ட சொல்லியிருக்கேன். அவளுக்கும் ஒரு எடம் போட்டுருவாக" என்று நிமிர்ந்து சிரித்தாள்.

அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். கல்யாணம் ஆன புதிதில் அவள் அப்படி இருந்தாள். இறங்கி ஓட்டமாகத் தம்பி கடைக்கு வந்தேன்.

"ஏல தளவாய், அவங்கள எறக்கி விடு."

"எக்கா, ஒருத்தர்ட்ட அச்சாரம் வாங்குன சரக்க இன்னொருத்தர் சொன்னா குடுப்பனா? தொழில் நாணயம்னு ஒண்ணு வேண்டாமா?"

"அப்ப கப்பல எனக்கு வித்துரு."

"அது விக்கிறதுக்கு இல்ல."

"கடைய வித்துரு."

ஒரு விலை சொன்னான். தூத்துக்குடியையே விற்றாலும் தேறாது. கெஞ்சினேன், வைதேன், பெற்றோர் பெயரைச் சொன்னேன். எதற்கும் அசையவில்லை. பேரத்தில் அவனை யாரும் ஜெயித்ததில்லை, நான் உட்பட. சின்னப் பிள்ளையில் ஒரு பம்பரத்துக்கு என்னிடம் நாலு கோலிக்காய் வாங்கினவன்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. வியாபாரத்தில் அரைக்காசு விடமாட்டான். சீர் என்று வந்தால் அவன் வேற ஆள். என் கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, எந்த விசேஷத்துக்கும் பிறந்த வீட்டுச் சீரில் அவன் ஒரு குறை வைத்ததில்லை. என் வீட்டுக்காரர் இறந்து நான் தனியாக நின்றபோதும் பொங்கல்படி தவறியதில்லை. கரும்பும் மஞ்சள் குலையும் பித்தளைப் பானையுமாக வாசலில் வந்து நிற்பான். ஒரு தடவைகூட நான் வாய்விட்டுக் கேட்டது கிடையாது. கேட்டிருந்தால் தந்திருப்பான்.

அச்சாரமாகக் கேட்டால்தானே கப்பல் போகும்? இது கணக்கில் வராதது.

"தளவாய், நான் ஒண்ணும் வாங்க வரல. பொறந்த வீட்டுச் சீர் கேட்டு வந்திருக்கேன். இந்த வருசத்துச் சீரா ஓங்கடைய எனக்குக் குடு."

அவன் என்னைப் பார்த்தான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இதுக்கா எக்கா இவ்வளவு நேரம் நின்ன? எடுத்துக்கோ. மொதல்லயே கேட்டிருக்க வேண்டியதுதான?" என்று இடுப்பில் இருந்த சாவியை எடுத்து ஒரு தாம்பாளத்தில் வைத்தான். வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் அதில் எங்கிருந்தோ வந்தது. இரண்டு கையாலும் நீட்டினான். நிஜத்தில் எப்படி நீட்டுவானோ அப்படி.

வாங்கினேன். வாங்கும்போது நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. ஆள் இறந்துபோன பதிலாள், கடையும் போனால் துறையை விட்டே போய்விடும், திரும்பாது என்று தாரணி சொல்லியிருந்தாள். என் தம்பியின் மிச்சத்தை நானே சீர் கேட்டு வாங்கிவிட்டேன்.

கடையோடு எல்லா அச்சாரமும் என் பொறுப்புக்கு வந்தது. இனி ஆர்டர் கொடுத்தவர்கள் வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை, கடைக்காரி நானே முடியாது என்று திருப்பிவிடலாம். ஒவ்வொருவர் காசையும் திருப்பிக் கொடுத்தேன். கப்பல் தளத்தில் ஒவ்வொரு ஆளாக மறைந்தார்கள். செல்லக்கனி பூவைக் கையில் வைத்தபடியே மறைந்தாள். என் காசு மட்டும் கடையோடு வரவில்லை. சொந்தக் கடைக்குத் தானே அச்சாரம் கொடுக்க முடியாதாம், அதனால் அது தளவாயிடமே நின்றுவிட்டது. ஒரு சல்லிதானே, அவனோடு போகட்டும், நெற்றிக்காசு என்றால் அதுதானே முறை என்று விட்டேன்.

துறையில் அவனும் நானும் மட்டும். அவன் காலிக் கப்பலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எல்லாரும் வாரோம்னாங்களே எக்கா. ஏன் எறங்கிட்டாங்க?"

சாவி இருந்த தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"நான் ஒத்தையில போகணுமா?"

சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் அனுப்பியபோது இதே முகம். இது பொம்மை, இது பொம்மை என்று மனசுக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டேன். வாய் கேட்கவில்லை. நிஜ உடம்பைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. அவன் கன்னத்தைத் தடவி, "பயப்படாதல. நீ முன்ன போ. எக்கா பின்னாலயே வாரேன்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"சரிக்கா" என்றான். பிறகு வரவு என்று ஏதோ சொன்னான், காற்றில் சரியாகக் கேட்கவில்லை. கப்பல் ஏறினான். துறைவாய் தாண்டுகிறவரை கையாட்டிக்கொண்டே போனான். நானும் ஆட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றியபோது செல்லக்கனி என் முன்னால் நின்றாள். பால் பூத்துக்குப் போய்வந்திருந்தாள். தூக்கு நிறையப் பால்.

"மெசினு நாந்தான்னு சொல்லிட்டு மைனி, நாந்தான்னு சொல்லிட்டு" என்று அழுதாள்.

சாயங்காலம் இரண்டு பேருமாகப் பள்ளிக்குப் போனோம். "செல்லக்கனி, பிள்ளையின் தாய்" என்று சொல்லிக் கதவு திறந்தது. காவலாளி, "தொல்ல தீந்துச்சா?" என்று சிரித்தார். அவள் பின்னாலேயே நானும் உள்ளே போனேன். பூமயில் ஓடிவந்தாள். அம்மாவும் பிள்ளையும் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு நிறைவு. பாதகத்தி, நீ செய்ததிலே ஒரு நல்ல காரியம் இதுதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

செல்லக்கனியின் போன் அடித்தது. எடுத்து யார் என்று பார்த்தாள். என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"யாரு?" என்றாள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. "நெசமாவா? அவுக பக்கத்துலயா இருக்காவ? ஒத்தையில இல்லியே? சாப்பிட்டாகளா மைனி?"

"ஏட்டி, யார்ட்ட பேசுத? மைனி நான் இங்க நிக்கேன்லா?" என்றேன்.

சற்று இருங்கள் என்பதுபோல எனக்குக் கையைக் காட்டினாள். தெரியாத ஆளுக்குக் காட்டுகிற மரியாதையோடு காட்டினாள். பூமயிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பேசியபடியே கதவைத் தாண்டி வெளியே நடந்தாள். பூமயில் மட்டும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் பின்னால் ஓடினேன். கதவு என் முன்னால் மூடிக்கொண்டது. முகத்தைக் காட்டினேன்.

"உலகம்மாள் கப்பலில் இருக்கிறார். நீங்கள் யார்?"

இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். செல்லக்கனி, செல்லக்கனி என்று தொண்டை கிழியக் கத்தினேன். தளவாய் செத்த பிறகு அவள் ஒரு தடவைகூடச் சிரித்து நான் பார்க்கவில்லை. இப்போது தெருமுனையில், போனில் நான் சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள்.